ஆண்களின் மனப் பயிற்சி: சந்தைச் சரக்கா, பொதுச் சேவையா?

பெங்களூரு, சென்னை, கோவை போன்ற நகரங்களில் ஆண்களுக்கு மட்டுமேயான ஒரு புதுவகைப் பயிலரங்கு பரவிவருகிறது. அங்கே தொழில்நுட்பமோ மேலாண்மையோ கற்றுத்தரப்படுவதில்லை. சினத்தை அடையாளம் காண்பது, அச்சத்தை ஒப்புக்கொள்வது, தந்தையிடம் சொல்லாமல் விட்டதைச் சொல்லப் பழகுவது, மனைவி பேசும்போது குறுக்கிடாமல் கேட்பது, பிற ஆண்களின் முன்னிலையில் கூச்சமின்றி அழுவது ஆகியவையே பாடங்கள். சில, மலைவாசத்தலங்களில் இரண்டு மூன்று நாள் தங்கும் முகாம்கள். சில, இணையவழி வகுப்புகள்.

இவற்றைக் கேலி செய்வது எளிது. 'ஆண்பிள்ளைக்கு அழக் கற்றுக்கொடுக்க ஒரு வகுப்பா?' என்று கேட்பவர்கள் பலர். அந்தக் கேலியில் எனக்கு உடன்பாடில்லை. பொருளாதாரம் கற்பித்தவன் என்ற முறையில் எனக்கு எழும் கேள்விகள் வேறு. இந்தப் பயிற்சி யாருக்குத் தேவைப்படுகிறது, யாருக்குக் கிடைக்கிறது? இதில் எது உண்மையில் பயன் தருகிறது? அந்தப் பயனை யார் அளப்பது?

எண்கள் சொல்வது: தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022-இல் இந்தியாவில் 1,70,924 பேர் தற்கொலை செய்துகொண்டனர். அவர்களில் 100-க்கு ஏறத்தாழ 72 பேர் ஆண்கள். மொத்த எண்ணிக்கையில் மகாராஷ்டிரத்துக்கு அடுத்த இடத்தில் தமிழ்நாடு இருந்தது; இங்கு உயிரிழந்தவர்கள் 19,834 பேர். இறந்தவர்களைத் தொழில்வாரியாகப் பிரித்தால் தினக்கூலித் தொழிலாளர்களே மிகப் பெரிய பிரிவு. நான்கில் ஒருவருக்கும் சற்று அதிகம். வருமானவாரியாகப் பார்த்தால் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய்க்கும் குறைவாக ஈட்டியவர்கள். காரணங்களின் பட்டியலில் முதலிடம் குடும்பப் பிரச்சினைகளுக்கு, அடுத்தது நோய். தற்கொலைக்கு ஒற்றைக் காரணம் கிடையாது என்பதும், காவல் நிலையப் பதிவேடு மனத்தின் முழுக் கதையைச் சொல்லாது என்பதும் உண்மையே. ஆயினும், இந்த எண்கள் காட்டும் ஆண், மலைவாசத்தல முகாமுக்கு வருபவர் அல்லர்.

சொல்லப்படாத துயரம் அதைச் சுமப்பவரோடு முடிவதில்லை. 2019-21-இல் எடுக்கப்பட்ட ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் திருமணமான 18 முதல் 49 வயதுப் பெண்களில் 38.1 சதவீதத்தினர் கணவரின் வன்முறைக்கு உள்ளானவர்கள். நாட்டின் சராசரியோ 29.3 சதவீதம். கல்வியிலும் மருத்துவத்திலும் தொழில் வளர்ச்சியிலும் முன்வரிசையில் நிற்கும் மாநிலம், தன் வீடுகளுக்குள் சராசரியைவிடப் பின்தங்கி நிற்கிறது. வருமானமும் படிப்பும் உயர்ந்தால் மனமும் தானாகப் பண்படும் என்ற நம்பிக்கையை இந்த எண் உடைக்கிறது. எனவே, ஆண்களின் மன வளர்ச்சி ஆண்களின் சொந்த விவகாரம் மட்டுமன்று. அதற்கான விலையில் பெரும்பகுதியை வேறொருவர் கொடுத்துக்கொண்டிருக்கிறார்.

சந்தை தவறும் இடம்: ஒருவரது செயலின் விளைவு மூன்றாம் நபரைத் தாக்கும்போது, அதற்குச் சந்தை சரியான விலை வைக்காது என்பது பொருளியலின் தொடக்கப் பாடம். தொழிற்சாலைக் கழிவுநீர் அதற்குப் பாடப்புத்தக எடுத்துக்காட்டு. அடக்கப்பட்ட சினமும் அப்படித்தான். அதைத் தணித்தால் பயன்பெறுபவர்கள் மனைவியும் குழந்தைகளும் தெருவும். ஆனால், பயிற்சிக்குப் பணம் கட்ட வேண்டியவர் அந்த ஆண். அவருக்கோ தமக்கு ஒரு குறை இருப்பதாகவே தோன்றுவதில்லை. இத்தகைய பண்டத்தைச் சந்தையிடம் மட்டும் விட்டால், தேவைக்கும் குறைவாகவே அது வழங்கப்படும். வழங்கப்படுவதும் தேவை அதிகம் இருக்கும் இடத்துக்குச் செல்லாமல், பணம் இருக்கும் இடத்துக்கே செல்லும். பல முகாம்களின் கட்டணம் ஒரு கட்டுமானத் தொழிலாளியின் மாத வருமானத்துக்கு நிகரானது. கட்டணம் இல்லையென்றாலும், மூன்று நாள் கூலியை இழந்து அவரால் வர இயலாது.

இரண்டாவது சிக்கல் தரம். மருத்துவ உளவியலாளராகப் பணிபுரிய இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்ய வேண்டும். 'வாழ்வியல் பயிற்சியாளர்' என்று பெயர்ப்பலகை மாட்டிக்கொள்ள எந்தப் பதிவும் தேவையில்லை. வாங்குபவரால் சரக்கின் தரத்தை முன்கூட்டி அறிய முடியாத சந்தையில் போலிகள் மலிவது இயல்பு. ஒரு முகாம் சினத்தைக் கையாளச் சொல்லித்தருகிறது. அடுத்த முகாம், 'ஆண் என்பவன் ஆளப் பிறந்தவன். உன் தோல்விக்கெல்லாம் பெண்களே காரணம்' என்று கசப்பை விற்கிறது. இரண்டும் 'ஆண்களின் ஆளுமை வளர்ச்சி' என்ற ஒரே பெயரில்தான் விளம்பரப்படுத்தப்படுகின்றன.

இது நமக்கு மட்டும் உரிய குழப்பம் அன்று. அமெரிக்காவில் 1980களிலேயே காட்டுக்குள் கூடி, முரசு அறைந்து, கதை சொல்லி, கண்ணீர் விடும் ஆண்கள் முகாம்கள் பிரபலமாயின. கவிஞர் ராபர்ட் பிளை 1990-இல் வெளியிட்ட 'அயர்ன் ஜான்' என்ற நூல் அந்த இயக்கத்தின் வேதநூலாக விளங்கி, விற்பனைப் பட்டியலில் நீண்ட காலம் இடம்பிடித்தது. அங்கு சென்றவர்கள் பெரும்பாலும் நடுவயதைத் தொட்ட, வசதி படைத்த வெள்ளை இனத்தவர். ஆலைகள் மூடப்பட்டு வேலை இழந்த தொழிலாளி அந்தக் காட்டுக்குள் வரவில்லை. இன்று நம் நகரங்களில் காண்பது அதே வரலாற்றின் மறுபதிப்பு.

முப்பது விநாடியில் ஒரு பந்து: அப்படியானால் இந்தப் பயிற்சிகள் வீணா? இல்லை என்பதற்கு உறுதியான சான்றுகள் இருக்கின்றன. அவை விடுதிகளில் கிடைத்தவை அல்ல. சிகாகோவின் ஏழை மாணவர்கள் பயிலும் பள்ளிகளில் 2001-இல் தொடங்கப்பட்ட ஒரு திட்டம், பதின்பருவ ஆண்பிள்ளைகளை வாரம் ஒரு முறை, ஒரு வகுப்பு நேரம், சிறு குழுவாக உட்காரவைத்தது. அதன் முதல் பயிற்சி எளிமையானது. இரண்டிரண்டு பேராகப் பிரித்து, ஒருவர் கையில் பந்தைக் கொடுத்து, 'முப்பது விநாடிக்குள் அவர் கையிலிருந்து பந்தை எடு' என்று மற்றவரிடம் சொல்வார்கள். உடனே இழுபறி, முறுக்கல், மல்லுக்கட்டு. நேரம் முடிந்ததும் பயிற்றுநர் கேட்பார்: 'பந்தைத் தா என்று ஏன் ஒருவருமே கேட்கவில்லை?' 'கேட்டால் கொடுத்திருக்க மாட்டான்' என்பது ஒருவரின் பதில். 'கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன், அது வெறும் பந்துதானே' என்பது மற்றவரின் பதில்.

மனம் முதலில் எழுதிக்கொடுக்கும் பதிலை அப்படியே செயல்படுத்தாமல், ஒரு கணம் நின்று பார்க்கும் பழக்கம்தான் அங்கே கற்றுத்தரப்பட்டது. தமிழ்நாட்டில் பிறந்த பொருளியலாளர் செந்தில் முல்லைநாதன் உள்ளிட்ட ஆய்வாளர்கள் இத்திட்டத்தைச் சீரற்ற தெரிவு முறையில் சோதித்து, 2017-இல் முடிவுகளை வெளியிட்டனர். பயிற்சி நடந்த காலத்தில், அதில் பங்கேற்ற மாணவர்கள் வன்முறைக் குற்றங்களுக்காகக் கைதாவது ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. பயிற்சி முடிந்த பின்னரோ, கைதுகளின் மீதான அந்தப் பலன் நிலைக்கவில்லை. இந்த இரண்டாவது முடிவும் முதலாவதைப் போலவே முக்கியமானது. உடற்பயிற்சியை நிறுத்தினால் உடல் தளர்வதுபோல மனப் பயிற்சியும் தளர்கிறது. ஆண்டு முழுவதும் நடந்த வகுப்பின் பலனே தேயும் என்றால், இரண்டு நாள் முகாம் வாழ்வை மாற்றிவிடும் என்ற விளம்பரத்தை எவ்வளவு நம்பலாம் என்பதை வாசகர்களே முடிவு செய்யலாம்.

மன்ரோவியாவின் பாடம்: இதைவிட ஆழமான பாடம், நீண்ட உள்நாட்டுப் போரால் சிதைந்த லைபீரியாவிலிருந்து வருகிறது. தலைநகர் மன்ரோவியாவில் திருட்டு, போதைப்பொருள் விற்பனை, தெருச் சண்டை எனத் திரிந்த 999 ஆண்களைத் தேர்ந்தெடுத்து, கிறிஸ்டோஃபர் பிளாட்மன் உள்ளிட்ட பொருளியலாளர்கள் ஒரு சோதனை நடத்தினர். ஒரு பிரிவினருக்கு எட்டு வார மனப் பயிற்சி. இன்னொரு பிரிவினருக்கு 200 டாலர் ரொக்கம். மூன்றாவது பிரிவினருக்கு இரண்டும். நான்காவது பிரிவினருக்கு எதுவுமில்லை. பயிற்றுநர்களுள் முன்பு அதே தெருக்களில் திரிந்தவர்களும் இருந்தனர். சினத்தை அடக்குவது மட்டுமன்றி, முகம் மழித்து நல்ல உடை உடுத்தி வங்கிக்குள் நுழைந்து பேசிப் பார்ப்பதும் அங்கே வீட்டுப்பாடம்.

ஓராண்டுக்குப் பிறகு பார்த்தபோது, பணம் மட்டும் பெற்றவர்களிடம் நிலையான மாற்றம் இல்லை. பயிற்சி மட்டும் பெற்றவர்களிடம் தொடக்கத்தில் தெரிந்த மாற்றம் மங்கியிருந்தது. இரண்டையும் பெற்றவர்களிடம் அது நிலைத்திருந்தது. பத்து ஆண்டுகளுக்குப் பின் அதே ஆண்களைத் தேடிக் கண்டுபிடித்து மீண்டும் ஆராய்ந்தபோதும், இரண்டையும் பெற்ற பிரிவினரிடம் குற்றச் செயல்கள் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்திருந்தன. புதிய மனிதனாக வாழ முயன்றவருக்கு அந்தச் சிறுதொகை, சிறு வணிகம் செய்தபடி அந்த வாழ்வைச் சில மாதங்கள் பழகிப் பார்க்க அவகாசம் தந்தது என்பது ஆய்வாளர்களின் விளக்கம்.

நம் நாட்டில் நடக்கும் வாதத்துக்கு இது நேரடியான பதில். 'வேலையும் கூலியும் கொடுங்கள். மனம் தானாகச் சரியாகும்' என்கிறது ஒரு தரப்பு. 'உள்ளத்தை மாற்றுங்கள், உலகம் மாறும்' என்கிறது பயிலரங்குத் தரப்பு. இரண்டுமே பாதி உண்மைகள். வட்டிக்காரர் வாசலில் நிற்கும்போது மூச்சுப் பயிற்சி உதவாது. மூச்சைப் பிடித்து யோசிக்கத் தெரியாதவருக்குக் கையில் கிடைத்த பணமும் உதவாது.

கோவாவின் நான்கு அமர்வுகள்: இவையெல்லாம் வெளிநாட்டுக் கதைகள் என்று ஒதுக்குவதற்கும் இல்லை. கோவாவில் சங்காத் என்ற தொண்டு நிறுவனம் 10 ஆரம்ப சுகாதார நிலையங்களில், அளவுக்கு மீறிக் குடிக்கும் 377 ஆண்களிடம் நடத்திய சோதனை, 2017-இல் 'லான்செட்' மருத்துவ இதழில் வெளியானது. ஆலோசனை வழங்கியவர்கள் மருத்துவர்கள் அல்லர். பயிற்சி பெற்ற சாதாரண உள்ளூர்க்காரர்கள். அதிகபட்சம் நான்கு அமர்வுகள். மூன்று மாதங்களுக்குப் பின், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 26 சதவீதத்தினர் தீங்கான குடிநிலையிலிருந்து மீண்டிருந்தனர். ஆலோசனையும் பெற்றவர்களில் 36 சதவீதத்தினர். இது அதிசயம் இல்லை. ஆனால், ஆரம்ப சுகாதார நிலையத்தின் செலவில், ஆரம்ப சுகாதார நிலையத்தின் வரிசையில் நிற்கும் மனிதருக்கே கிடைத்த முன்னேற்றம்.

தமிழ்நாட்டில் டாஸ்மாக் நிறுவனம் அரசுக்கு ஈட்டித்தரும் வருவாய் அண்மைய ஆண்டுகளில் 45,000 கோடி ரூபாயைத் தாண்டியிருக்கிறது. மதுக்கடைகளை மூடுவதா, வேண்டாமா என்ற விவாதம் ஒவ்வொரு தேர்தலிலும் எழுந்து அடங்குகிறது. அது முடியும் வரை காத்திருக்காமல், அந்த வருவாயில் மிகச் சிறு பங்கை, குடிக்கும் ஆண்களிடம் பேசுவதற்கென ஒதுக்கலாம். துயரத்தை மறக்கப் பொருள் விற்கும் அரசுக்கு, துயரத்தைக் கேட்க ஆள் அமர்த்தும் கடமையும் உண்டு.

பெண்களுக்கு ஒரு கூட்டம் இருக்கிறது: சர்வதேச வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியுடன் 1989-இல் தருமபுரி மாவட்டத்தில் தமிழ்நாடு தொடங்கிய மகளிர் சுயஉதவிக் குழுத் திட்டம், சேமிப்புக்கும் கடனுக்கும் ஆனது என்றே பொருளியலாளர்களாகிய நாங்கள் எழுதிவந்தோம். ஆனால், குழுக் கூட்டம் ஒன்றில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து கவனித்தவர்கள் அறிவார்கள், அங்கே கணக்குப் புத்தகம் மூடிய பிறகும் பேச்சு ஓய்வதில்லை. யார் வீட்டில் என்ன சண்டை, யார் பிள்ளை படிப்பை விட்டான், யாருக்கு உடம்பு முடியவில்லை என்பதெல்லாம் அங்கே வெளிவரும். எவரும் அதைப் பயிலரங்கு என்று அழைக்கவில்லை. கட்டணம் இல்லை, கண்ணீருக்குத் தடையும் இல்லை.

ஆண்களுக்கு அத்தகைய அவை இன்று எங்கே? ஒருகாலத்தில் ஊர்தோறும் படிப்பகங்கள் இருந்தன. தேநீர்க் கடை விசுப்பலகையில் ஒரு நாளிதழைப் பத்துப் பேர் பகிர்ந்து படித்தனர். ஆலைவாயில்களில் தொழிற்சங்கக் கூட்டங்கள் நடந்தன. அவை குறையற்றவை அல்ல. பல இடங்களில் சாதியால் பிரிந்திருந்தன. பெண்களுக்கு அங்கே இடமில்லை. பேசப்பட்டதும் அரசியலே அன்றி அகம் அன்று. எனினும், அன்றாடம் வந்துகொண்டிருந்த ஒருவர் இரண்டு நாள் வரவில்லை என்றால் தேடிப்போக ஆள் இருந்தது. ஒப்பந்த வேலையும் கைப்பேசியும் அந்த அவைகளைக் கலைத்துவிட்டன. எஞ்சியிருப்பது பெரும்பாலும் மதுக்கூடம்தான்.

இந்த இழப்பை உணர்ந்து செயல்பட்ட நாடு ஆஸ்திரேலியா. ஓய்வுபெற்ற, வேலை இழந்த, மனைவியை இழந்த ஆண்கள் ஒன்றுகூடி மரவேலை செய்யவும் பழுதுபார்க்கவும் 1990களில் அங்கே 'ஆண்கள் பட்டறை'கள் தோன்றின. ஆண்கள் முகத்துக்கு முகம் பார்த்துப் பேசத் தயங்குவார்கள், தோளோடு தோள் நின்று வேலை செய்கையில் பேசுவார்கள் என்பதே அவற்றின் அடிப்படை. 2010-இல் அந்நாட்டு அரசு தன் தேசிய ஆண்கள் நலக் கொள்கையில் இவற்றுக்கு இடமும் நிதியும் அளித்தது. இன்று அங்கே ஆயிரத்துக்கும் மேற்பட்ட பட்டறைகள் இயங்குகின்றன. 'மனம்விட்டுப் பேச வாருங்கள்' என்று அழைத்தால் வராதவர், 'இந்த நாற்காலியின் கால் ஆடுகிறது, சற்றுப் பாருங்கள்' என்றால் வருகிறார்.

என்ன செய்யலாம்? புதிய துறையோ பெரிய கட்டடமோ தேவையில்லை. முதலாவதாக, 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் வீடு தேடிச் சென்று அளக்கிறது; பணியிடங்களுக்கும் விரிந்திருக்கிறது. பணியிடத்தில் ஆண்களைச் சந்திக்கும்போது, தூக்கம், குடி, மனச்சோர்வு பற்றிய சில எளிய கேள்விகளையும் அது சேர்த்துக்கொள்ளலாம். தேவைப்படுவோரைக் கோவா பாணியில் நான்கு அமர்வுகளுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பலாம்.

இரண்டாவதாக, கட்டுமானச் செலவில் ஒரு சதவீதமாக வசூலிக்கப்படும் நலவரி, தொழிலாளர் நலனுக்கென்றே உள்ள நிதி. உதவித்தொகை வழங்கும் நிகழ்வுகளோடு குழு அமர்வுகளையும் இணைத்தால், மன்ரோவியா காட்டிய 'பயிற்சியும் பணமும்' என்ற சேர்க்கைக்கு இங்கேயே அடித்தளம் இருக்கிறது. அமர்வுக்கு வரும் நாளின் கூலியை ஈடுசெய்தால் மட்டுமே தினக்கூலியாளர் வருவார் என்பதையும் திட்டத்திலேயே எழுதிவிட வேண்டும்.

மூன்றாவதாக, 2022-இல் தொடங்கப்பட்ட 'நான் முதல்வன்' திட்டம் மாணவர்களுக்கு வேலைவாய்ப்புத் திறன்களைக் கற்பிக்கிறது. நேர்காணலில் எப்படிப் பேசுவது என்று கற்றுக்கொள்ளும் இளைஞர், வேலை கிடைக்காதபோது வீட்டில் எப்படிப் பேசுவது, காதலை மறுத்த பெண்ணின் முடிவை எப்படி ஏற்பது என்பதையும் கற்க வேண்டும். ஓராண்டு நீளும் வாராந்தர வகுப்பாக அது அமைய வேண்டும். ஒருநாள் கருத்தரங்காக முடிந்துவிடக் கூடாது. கல்லூரி வாழ்வில் நான் கண்டவரை, பேராசிரியரின் அறைக்கு வந்து மதிப்பெண்ணைப் பற்றியும் உதவித்தொகையைப் பற்றியும் பேசும் மாணவர்கள், கிளம்பும் நேரத்தில் கதவருகே நின்றுதான் உண்மையான சேதியைச் சொல்வார்கள். அந்தக் கதவருகே நிற்கும் நேரத்துக்குக் கால அட்டவணையில் இடம் வேண்டும்.

நான்காவதாக, தனியார் பயிலரங்குகளை அரசு தடைசெய்ய வேண்டியதில்லை. நடத்துபவரின் தகுதி, கட்டணம், நெருக்கடியில் இருப்பவரை மருத்துவரிடம் அனுப்பும் ஏற்பாடு ஆகியவற்றை விளம்பரத்திலேயே வெளியிட வேண்டும் என்ற விதி போதும். ஆலோசனைக் கூடத்தில் பழைய காயங்களைக் கிளறிவிட்டு, ஞாயிறு மாலை பேருந்தேற்றி அனுப்பிவிடுவது ஆபத்தானது.

சான்றளிக்க வேண்டியவர் யார்? 'பெண்கள் படும் துன்பத்தைச் சீர்செய்யாமல், ஆண்களின் மனத்துக்குப் பொதுப்பணமா?' என்று கேட்கப்படலாம். நியாயமான கேள்வி. பாதிக்கப்பட்ட பெண்களுக்கான சட்ட உதவியிலிருந்தோ தங்குமிடங்களிலிருந்தோ ஒரு ரூபாயும் இதற்குத் திருப்பப்படக் கூடாது. குற்றம் செய்தவருக்குப் பயிற்சி என்பது தண்டனைக்கு மாற்றும் ஆகாது. ஆனால், அடி விழுந்த பின் மருந்திடுவதற்கு மட்டும் செலவிடும் சமூகம், அடிக்கும் கையைப் பற்றி யோசிக்காமல் இருப்பது சிக்கனம் ஆகாது.

முகாம் முடிவில் பங்கேற்பாளர்கள் தழுதழுத்த குரலில் சொல்லும் சான்றுரைகளே இன்று இந்தப் பயிலரங்குகளின் விளம்பரம். அவற்றை நான் பொய் என்று சொல்லவில்லை, போதாது என்கிறேன். ஆறு மாதம் கழித்து, அந்த ஆணின் மனைவியிடம், தாயிடம், மகளிடம், உடன் வேலை செய்பவரிடம் கேட்க வேண்டும்: வீட்டுக்குள் அவர் நுழையும்போது குழந்தைகளின் பேச்சு நிற்கிறதா, தொடர்கிறதா? கடன் எவ்வளவு என்று இப்போது சொல்கிறாரா? அவர்கள் தரும் பதிலை வைத்துத்தான் பொதுப்பணத்தில் நடக்கும் திட்டத்தையும் தனியார் முகாமையும் எடைபோட வேண்டும்.

அதுவரை, உடனடி உதவிக்கு வழியே இல்லாமல் இல்லை. மத்திய அரசின் 'டெலி மானஸ்' சேவையை 14416 என்ற எண்ணிலும், தமிழ்நாடு அரசின் சுகாதார உதவி மையத்தை 104 என்ற எண்ணிலும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். மதுக்கடையின் முகவரி ஊரில் எல்லா ஆண்களுக்கும் தெரிந்திருக்கிறது. இந்த இரண்டு எண்களும் அதே அளவுக்குத் தெரிந்திருக்கச் செய்வது, அரசு இன்றே தொடங்கக்கூடிய வேலை.